கடைக்குப் போவதற்கு முன் பிள்ளையின் காலை அளப்போம்



ரிவர்ஸ்டன் பக்கத்துப் பெற்றோரே, கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் இல்லாமல் மூடப்பட்டன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மறுபடியும் மூடப்பட்டன. மூன்று தடவையும் வீடுதான் வகுப்பறையானது. எங்கள் மலைப் பாதையில் மழையும் மண்சரிவும் இனியும் வரும். 5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். வீட்டு வகுப்பறை அதற்குப் பதிலல்ல, துணைதான். ஆகவே "பிள்ளைக்கு என்ன மேசை வாங்குவது?" என்று பெற்றோர் எங்களிடம் கேட்பது நியாயமான கேள்வி.

எங்கள் பதில் இதுதான்: முதலில் பிள்ளையை அளந்து பாருங்கள். கடை அதற்குப் பிறகு.

அண்மையில் ஒரு வீட்டுக்குப் போனோம். தரம் 3 படிக்கும் மகனுக்காகத் தவணைக்கு ஒரு செட் வாங்கியிருந்தார்கள். இறாக்கை வைத்த பெரிய மேசை, சுழலும் கதிரை. மேசையில் மடித்த உடுப்புகள் இருந்தன. பிள்ளை கட்டிலில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தான். "இவன் ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் இருக்க மாட்டான் டீச்சர்" என்றார் உம்மா. அவனைக் கதிரையில் இருக்கச் சொன்னோம். கால் நிலத்தில் படவில்லை. மேசை நெஞ்சு உயரத்துக்கு வந்தது. அப்படி இருந்து நாங்கள் ஒரு மணித்தியாலம் எழுதுவோமா? பிள்ளை குழப்படிக்காரன் இல்லை. கதிரைதான் அவனுக்குரியதில்லை.

அளப்பது எளிது. பிள்ளை நிற்கும்போது நிலத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை எவ்வளவோ, அதுவே கதிரையின் உயரம். இருந்து முழங்கையை மடித்தால் கை எங்கே வருகிறதோ, அங்கே மேசை. ஐரோப்பியப் பாடசாலைத் தளபாட அளவின்படி 119 முதல் 142 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்குக் கதிரை 35 செ.மீ., மேசை 59 செ.மீ. எங்கள் சாப்பாட்டு மேசையோ சுமார் 75 செ.மீ., கதிரை 45 செ.மீ.

புதிதாக வாங்க வசதியில்லையா? இருப்பதையே சரிசெய்யலாம். 75 செ.மீ. மேசையில் அந்தப் பிள்ளை எழுத வேண்டுமென்றால், கதிரையில் ஒரு பலகையும் மடித்த போர்வையும் வைத்து இருக்கையை 51 செ.மீ. அளவுக்கு உயர்த்துங்கள். காலுக்குக் கீழே 16 செ.மீ. உயரத்தில் ஆடாத ஒரு பெட்டி வையுங்கள். அவ்வளவுதான்.

"நாங்கள் பாயில் இருந்து படிக்கவில்லையா?" என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். பாயில் இருந்து, ரைஹால் பலகையில் குர்ஆனை வைத்துத்தான் நாங்களும் ஓதப் பழகினோம். அந்தச் சாய்ந்த பலகை எழுத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தது. வாசிக்க அது இன்றைக்கும் நல்லது. ஆனால் எழுதும் கொப்பியை நிலத்தில் வைத்தால் முதுகு வளைகிறது. பனிக்காலத்தில் எங்கள் ஊர்த் தரை குளிர்ந்தும் போகிறது.

பிள்ளைக்குப் பிள்ளையின் அளவு என்பது புதுக் கருத்தும் அல்ல. 1907இல் ரோமில் மரியா மொன்டிசூரி அம்மையார் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார்; பிள்ளைகளே தூக்கி நகர்த்தக்கூடிய சின்னக் கதிரைகளைப் பின்னர் அங்கே கொண்டுவந்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார், யுத்த காலத்தில் கொடைக்கானலில் இருந்தார், 1944இல் இலங்கைக்கும் வந்தார். அவர் பெயரைப் பாலர் பள்ளிப் பலகையில் எழுதிவிட்டோம். பிள்ளை தரம் 1க்குப் போனதும் சின்னக் கதிரையை மறந்துவிட்டோம்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு விடயம். ஈரக் காற்றுள்ள எங்கள் பக்கம் சிப்போர்ட் பலகை ஊதிப்போகும். மேசையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் கிடக்கும் பழைய கதவுப் பலகையை ஊர் பாஸிடம் கொடுத்து அளவுக்குச் செய்விப்பது மேல். அதற்காகப் பலா மரத்தில் கை வைக்காதீர்கள்; 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வெட்ட அனுமதி வேண்டும். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு ஜன்னல் இடப்பக்கம் வரட்டும்.

கடைசியாக, மனதில் கிடந்து உறுத்தும் ஒன்று. சில வீடுகளில் மகனுக்கு மேசை இருக்கிறது. தரம் 8 படிக்கும் மகளோ குசினியில் மரக்கறிச் சட்டியை ஒதுக்கிவிட்டு எழுதுகிறாள். யாராவது வந்தால் எழும்ப வேண்டும். அவளுக்கும் அதே பரீட்சைதான். ஒரே மேசைதான் முடியுமென்றால் நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். அவளுடைய நேரத்தில் அவளை எழுப்பாதீர்கள்.

பிள்ளை வளர்வான், கதிரை வளராது. இரண்டு மூன்று வருடத்தில் அளவு மாறும். ஆகவே கடன்பட்டு வாங்குவது வீண்விரயம். உங்கள் பிள்ளைக்குச் சிறிதாகிப்போன கதிரை, மேசை வீட்டில் கிடந்தால் அளவோடு கீழே எழுதுங்கள். தேவைப்படும் வீட்டுக்கு, எந்தச் சமூகத்தவர் வீடானாலும், சேர்த்துவிடும் பொறுப்பை நாங்கள் எடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

இன்று இரவே பிள்ளையை மேசையில் இருத்தி, காலைக் குனிந்து பாருங்கள்.