சொல் மயக்கமும் பொருள் தெளிவும்

நம் மாணவர்க்கு ஆங்கிலம் அச்சம் தருவதற்கு அதன் இலக்கணமே காரணம் எனப் பலரும் கூறுவர். என் கருத்து அதுவன்று. ஓரிரு எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும் இணைச்சொற்கள்தாம் அவர்களை மிகுதியும் இடறச் செய்கின்றன. அவற்றைத் தெளிவிக்கும் பொறுப்பு ஆங்கிலத் துறைக்கு மட்டும் உரியதன்று. தமிழாசிரியர்க்கும் அதில் பங்குண்டு என்பது என் துணிபு.

இத்தகைய மயக்கம் நமக்குப் புதியதன்று. பரவை என்பது கடல். பறவை என்பது புள். அரம் இரும்பை அராவும். அறம் வாழ்வை நெறிப்படுத்தும். இவற்றை மயங்கொலிச் சொற்கள் எனப் பெயரிட்டுப் பள்ளிப் பருவத்திலேயே பயிற்றுகிறோம். அரபு மொழியில் ‘கல்ப்’ என்பதன் முதலெழுத்தை உள்நாக்கருகே ஒலித்தால் இதயம். சற்று முன்னே ஒலித்தால் நாய்! மதரஸாவில் உஸ்தாது அவ்வொலியை ஏன் பன்முறை திருத்துகிறார் என்பதை ஓதியவர் அறிவர்.

ஆங்கிலத்திலோ ஒலியும் பல இடங்களில் கைகொடுப்பதில்லை. கல்லூரி முதல்வரைக் குறிக்கும் ‘பிரின்சிபல்’ வேறு, கொள்கையைக் குறிக்கும் ‘பிரின்சிபிள்’ வேறு. ஆயினும் ஆங்கிலேயர் நாவில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘ஸ்டேஷனரி’ என்பதன் கடையிலிருந்து மூன்றாம் எழுத்து ‘ஏ’ ஆனால் அசையாது நிற்பது. ‘ஈ’ ஆனால் எழுதுபொருள். இவ்விரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் ஊர்தோறும் சுற்றித் திரியாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்த நூல் வணிகர் ‘ஸ்டேஷனர்’ எனப்பட்டார். அவர் விற்ற தாளும் மையும் பின்னர் அப்பெயரைப் பெற்றன. 1557ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்ற இலண்டன் நூல் வணிகர் குழுமமும் இப்பெயரையே தாங்கியது. இவ்வரலாற்றை ஒருமுறை கேட்ட மாணவர் மறப்பதில்லை. வெறும் பட்டியலை நூறுமுறை உருப்போட்டாலும் தேர்வு முடிந்ததும் பறந்துவிடுகிறது.

இவை சிறு எழுத்துப்பிழைகள்தாமே என ஒதுக்குவோர் மருத்துவமனைக் குறிப்பேட்டை எண்ணிப் பார்க்கட்டும். ‘ஹைப்போ’ என்னும் கிரேக்க முன்னொட்டு கீழ் என்றும், ‘ஹைப்பர்’ மேல் என்றும் பொருள்படும். இரத்தச் சர்க்கரை அளவு மீறித் தாழ்வது ஹைப்போகிளைசீமியா, மிகுவது ஹைப்பர்கிளைசீமியா. முன்னதற்கு உடனே சர்க்கரை வேண்டும். பின்னதற்கு இன்சுலின் தேவைப்படலாம். சர்க்கரை தாழ்ந்து கிடப்பவர்க்கு இன்சுலின் ஏற்றினால் உயிருக்கே கேடு. ‘தாழ் சர்க்கரை’, ‘மிகை சர்க்கரை’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்தச் செவிலியும் மயங்க வழியில்லை.

தமிழ்வழிப் பொருள் சொன்னால் ஆங்கிலத்தில் சிந்திக்கும் ஆற்றல் குன்றும் என்பர் சிலர். உரையாடற் பயிற்சிக்கு அக்கூற்று ஓரளவு பொருந்தும். இணைச்சொற்களுக்குப் பொருந்தாது. ஆனால் சொல்லும் பொருள் துல்லியமாக இருத்தல் வேண்டும். ‘எக்கனாமிக்’, ‘எக்கனாமிகல்’ இரண்டிற்கும் ‘பொருளாதார’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவைப்பதால் பயனென்ன? முன்னது பொருளாதாரம் சார்ந்தது, பின்னது சிக்கனமானது. ‘டிஸின்டரஸ்டட்’ என்பவர் தன்னலம் கலவாத நடுவுநிலையாளர். ‘அன்இன்டரஸ்டட்’ என்பவர் ஆர்வமற்றவர். நீதிபதி முன்னவராக இருத்தல் வேண்டும். பின்னவராக இருந்தால் வழக்கு நடக்கையில் உறங்கிவிடுவார்! இவ்விணையில் ஆங்கிலேயரே மயங்குவதுண்டு என்பது நம் மாணவர்க்கு ஆறுதல் தரலாம்.

பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் பயிலும் முதலாண்டு மாணவர்க்குத் திங்கள்தோறும் ஒரு மணி நேரம் இரு துறை ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று இச்சொற்களை விளக்கலாம். இதற்குத் தனி நூலோ நிதியோ வேண்டியதில்லை. முதல்வர்க்கு மாணவர் எழுதும் விடுப்பு விண்ணப்பத்தின் முதல் வரியிலிருந்தே தொடங்கிவிடலாம்.