ஆயுளை மறைக்கும் அங்காடி

விற்கும் பொருளின் குறையை மறைத்து விற்பது வாணிபம் அன்று, வஞ்சகம். ஃபிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கல் பாடத்தை ஓதும் மாணவர் எவரும் இதை அறிவர். பொருளை வாங்கிய பின்னர் மறைந்திருந்த குறை வெளிப்படுமானால், அதைத் திருப்பித் தந்து விலையைப் பெற்றுக்கொள்ளும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதற்குக் 'கியாருல் ஐபு' என்று பெயர். ஒட்டகமும் பேரீச்சம்பழமும் விற்ற சந்தையில் செல்லுபடியான இந்த நெறி, கைபேசியும் மடிக்கணினியும் விற்கும் தியாகராய நகர்க் கடைகளுக்குப் பொருந்தாதா? பொருந்தும் என்பதே நமது வாதம்.

சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக 1934இல் பொறுப்பு வகித்த சர் முஹம்மது உஸ்மானின் பெயரைத் தாங்கி நிற்கிறது உஸ்மான் சாலை. அங்கும் பாண்டி பஜாரிலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ள கைபேசிக் கடைகளில் நுழைந்து பாருங்கள். கேமரா எத்தனை, திரை எத்தனை அங்குலம், நினைவகம் எவ்வளவு என்று விற்பனையாளர் மனப்பாடமாக ஒப்புவிப்பார். இதன் பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும், மென்பொருள் எந்த ஆண்டு வரை புதுப்பிக்கப்படும், உதிரி பாகம் எதுவரை கிடைக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் மௌனமே பதிலாகக் கிடைக்கும். விலையுயர்ந்த சில கைபேசிகளுக்கு ஏழாண்டுகள் மென்பொருள் தருவதாகச் சில நிறுவனங்கள் 2023க்குப் பின் அறிவித்துள்ளன. அதைப் பாராட்டுகிறோம். ஆனால் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் வாங்குவது பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க் கைபேசிகளையே அல்லவா?

லித்தியம் பேட்டரி ஏற்ற ஏற்றத் தேயும். அது அதன் இயல்பு. இயல்பை நாம் குற்றம் சொல்லவில்லை. தேயும் என்று அறிந்தே அதைப் பசையிட்டு உள்ளே ஒட்டிவிட்டு, அதன் ஆயுளையும் சொல்லாமல் விற்பதைத்தான் குற்றம் என்கிறோம். 2017ஆம் ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே தானே குறைத்து வந்ததை ஒப்புக்கொண்டது. கைபேசி திடீரென அணைந்து போவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக அது காரணம் கூறியது. காரணம் உண்மையாகவே இருக்கட்டும்; அதை முன்கூட்டியே சொல்லாதது ஏன்? பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் புதுக் கைபேசி வாங்கியவருக்கு யார் பொறுப்பு? வாங்கியவர்களுக்குத் தெரிவிக்காத குற்றத்திற்காக 2020இல் பிரான்ஸ் அரசு அந்நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

'நிபந்தனைகளை எல்லாம் படித்து ஒப்புக்கொண்டுதானே வாங்கினீர்கள்?' என்று நிறுவனத்தார் கேட்கலாம். தனக்குத் தெரிந்த உட்குறையை மறைத்துவிட்டு, 'எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்லன்' என்று நிபந்தனையிட்டு விற்றவர் அந்த நிபந்தனையால் தப்ப முடியாது என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. எறும்பு எழுத்தில் அச்சிட்ட காகிதம் வஞ்சகத்தை நேர்மையாக்கிவிடாது.

'மக்களே புதியதைத்தான் விரும்புகிறார்கள்' என்பது அவர்களது அடுத்த வாதம். ஆசை மக்களிடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பழுது பார்க்கும் வழியை அடைத்துவிட்டு, புதியது வாங்குவோரைக் காட்டி 'பார்த்தீர்களா, விரும்பி வாங்குகிறார்கள்' என்பது என்ன நியாயம்? மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் இன்றும் பழுது நீக்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. நிறுவனத்தின் அசல் உதிரி பாகமும், வேலை செய்வதற்கான வழிகாட்டி ஏடும்தான் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. இதே சென்னைக்கு அருகில், ஸ்ரீபெரும்புதூரில், 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை நடந்தது. 2019 முதல் அங்குள்ள பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. நம் பிள்ளைகளின் கைகளால் ஒன்றிணைக்க முடிந்த ஒரு பொருளை, நம் பிள்ளைகளின் கைகளால் செப்பனிட முடியாது என்று சொல்வதை எப்படி ஏற்பது?

ஆயுளை மறைப்பது போதாதென்று விலையையும் மறைக்கிறார்கள். 'வட்டியில்லாத் தவணை' என்ற பலகையைக் கண்டு நம்மவர்களும் மகிழ்ந்து உள்ளே போகிறார்கள். ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று வெளிப்படையாகப் பேசி, ஒன்றை முடிவு செய்து வாங்குவதைப் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்துள்ளனர். பலகை காட்டும் வழி அதுவன்று. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை விடுத்தது. கிரெடிட் கார்டுத் தவணைகளில் வட்டி பல நேரங்களில் நடைமுறைக் கட்டணம் என்ற வேடம் பூண்டு வருவதையும் அது சுட்டிக்காட்டியது. வட்டியை வெறுக்கும் சமுதாயம் வட்டியின் மாற்றுப் பெயருக்கு ஏமாறலாமா?

மாற்றுவழி இல்லையென்று எவரும் சொல்ல வேண்டாம். பிரான்சில் 2021 முதல் மடிக்கணினி போன்றவற்றுக்கு, பழுது நீக்க எளிதா கடினமா என்று பத்துக்கு மதிப்பெண் இட்டு விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பேட்டரி 800 முறை ஏற்றிய பின்னும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும். விற்பனை நின்ற பின்னரும் உதிரி பாகங்கள் ஏழாண்டுகள் கிடைக்க வேண்டும். மென்பொருள் குறைந்தது ஐந்தாண்டுகள் வர வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கினார்கள். இத்தகைய மதிப்பெண் முறை வேண்டுமென்று 2025 மே மாதத்தில் ஒரு குழு அரசிடம் அறிக்கையும் தந்தது. அறிக்கை சட்டமாக வேண்டும். அங்கே ஆயுளைச் சொல்லி விற்கும் அதே நிறுவனம், இங்கே உஸ்மான் சாலையில் வாய்மூடி விற்பதை இனியும் பொறுக்கலாகாது.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு கடையிலும் கேளுங்கள். பதில் சொல்லாத கடையை விட்டு வெளியேறுங்கள். குறையுள்ள பொருளைத் தந்து கைவிரித்தால் 1915 என்ற எண்ணில் முறையிடுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. செப்பனிட்டால் ஓடக்கூடியதைத் தூக்கி எறியாதீர்கள், அது வீண்விரயம். தென்சென்னையின் குப்பை நெடுங்காலமாகக் குவிந்த பெருங்குடி மேடு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் அது தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்ததை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எடையில் குறைப்பவரை ஏமாற்றுக்காரர் என்கிறோம். ஆயுளில் குறைத்து, அதைச் சொல்லாமல் விற்பவரை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது?