ஒரு துளை போடுமுன்



வேலைக்காக ஊரை விட்டு வந்து மும்பையிலும் கோவாவிலும் குடியிருக்கும் நம் வாலிபரில் சிலர், விடுமுறை நாளில் கயாக் என்னும் சிறு படகை எடுத்துக்கொண்டு கழிமுகத்தில் தூண்டில் போடச் செல்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் கயாக்கில் உட்கார்ந்தவுடனே ஒரு சிக்கல் வரும். துடுப்புப் போட இரண்டு கைகளும் வேண்டும். தூண்டிற்கோலை எங்கே வைப்பது? மடியில் வைத்தால் துடுப்பில் தட்டும். காலடியில் வைத்தால் மீன் இழுத்த இழுப்பில் கோலே தண்ணீருக்குள் போய்விடும். ஆகையால் கோலை நிறுத்திவைக்க ஒரு தாங்கியைப் பொருத்த விரும்புகிறார்கள். கடையில் 'ராடு ஹோல்டர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அதைப் பொருத்துவது அரைமணி நேர வேலை என்று தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணத்தினால் வந்த தீங்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கோவாவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் பழைய கயாக் ஒன்றை வாங்கினான். "மாமா, உங்கள் கையால் இரண்டு தாங்கி பொருத்திக் கொடுங்கள்" என்றான். எனக்கு டிரில் இயந்திரம் பிடித்துப் பழக்கமுண்டு. இருக்கைக்குப் பின்னால் இருபுறமும் நந்நான்கு துளைகள் போட்டு, மரத்தில் திருகுவதுபோலத் திருகாணிகளை முடுக்கிவிட்டேன். "இது மேல்தளந்தானே, தண்ணீர் எங்கே வரப்போகிறது?" என்று எண்ணி, துளைகளுக்கு அடைப்பு எதுவும் வைக்கவில்லை.

மறுநாள் காலை அவன் கழிமுகத்தில் இறங்கினான்; நான் கரையில் நின்றேன். சிறிது நேரத்தில் ஒரு கொடுவா மீன் தூண்டிலைக் கவ்வியது. நம் ஊரில் கொடுவா, கோவாவில் சொணக், மராட்டியத்தில் ஜித்தாடா என்று சொல்லும் அதே மீன்தான். அது இழுத்த வேகத்தில் தாங்கியின் ஒருபுறத் திருகாணிகள் பிடுங்கிக்கொண்டன. மீனும் போயிற்று. அவன் சிரித்துக்கொண்டே தொடர்ந்தான். மதியம் கடற்காற்று எழும்பி, சிற்றலைகள் தளத்தின்மேல் ஏறி ஏறி இறங்கின. திரும்பி வரும்போது படகு கனத்து, ஒருபக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து வந்தது. கரைக்குச் சிறிது தூரம் இருக்கையில் என் கண்முன்னே கவிழ்ந்தது. அவன் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தான். பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கைகொடுத்துக் கரை சேர்த்தார். படகை ஏற்றி வடிகால் தக்கையைத் திறந்தபோது தண்ணீர் நிற்காமல் கொட்டியது. அத்தனையும் நான் போட்ட துளைகளின் வழியாய் உள்ளே போன தண்ணீர்.

பிரியமானவர்களே, இதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. இன்றைய கயாக்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் உள்ளீடின்றி வார்க்கப்பட்டவை. உள்ளே அடைபட்ட காற்றே அவற்றை மிதக்கச் செய்கிறது. அந்த இடத்திற்குள் 20 லிட்டர் தண்ணீர் புகுந்தால் 20 கிலோ பாரம் ஏறுகிறது. ஆனால் அது மூட்டையைப்போல ஒரே இடத்தில் இருக்கும் பாரமல்ல. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் அதிகமாக்கும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கோ உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

கயாக்கை முதலில் செய்தவர்கள் இதை நன்றாய் அறிந்திருந்தார்கள். கிரீன்லாந்து முதல் அலாஸ்கா வரையுள்ள வடதுருவக் கரைகளில் வாழும் இன்யூட் முதலான மக்கள், கடலில் மிதந்து வந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்தினார்கள். தோலைத் தைத்தவர்கள் பெண்கள். ஊசி மறுபுறம் வெளிவராதபடி தோலின் பாதித் தடிப்பிலேயே அதைச் செலுத்தி, விலங்கின் தசைநாரை நூலாக்கித் தைத்தார்கள். வேட்டைக்குப் போகும் கணவனின் உயிர் அந்தத் தையலில் இருந்தது. ஊசித்துளைக்கே அவ்வளவு கவனம் என்றால், நம்முடைய டிரில் துளைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

இடம் குறித்தல்

முதல் நாள் டிரில்லைத் தொடவே வேண்டாம். கயாக்கைத் தரையில் வைத்து, அதில் உட்கார்ந்து, துடுப்பை இருபுறமும் போட்டுப் பாருங்கள். கையும் துடுப்பும் படாத இடத்தில், ஆனால் உடலை அதிகம் திருப்பாமல் எட்டக்கூடிய தூரத்தில் தாங்கி இருக்கவேண்டும். தாங்கியை டேப்பினால் ஒட்டி, கோலைச் செருகி, எடுத்து, மறுபடியும் செருகிப் பாருங்கள். மனம் திருப்தியானால் அடையாளம் இடுங்கள்.

பின்பு மூடியைத் திறந்து, டார்ச் விளக்கால் அந்த இடத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே மிதவை நுரைக்கட்டியோ, சுக்கான் கயிறோ, தண்ணீர் வடியும் குழாயோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். தண்ணீர்மட்டத்திற்குக் கீழே வரும் பகுதியில் துளை கூடவே கூடாது.

தாங்கியும் ஆணியும்

தாங்கிகள் இரண்டு வகை. ஒன்று, தளத்திற்குள் பதிக்கும் குழாய். இதை வாங்கும்போது அடிப்பாகம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடி திறந்த குழாயைக் கயாக்கில் பதித்தால் தண்ணீருக்கு நாமே வாசல் திறந்துவிட்டதாகும். மற்றொன்று, தளத்தின்மேல் அடித்தட்டு வைத்துத் திருகுவது. இதில் விசையைக் கவனியுங்கள். 2 மீட்டர் நீளமுள்ள கோலின் நுனியை மீன் 2 கிலோ விசையில் இழுத்தால், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள அடித்தட்டின் ஆணிகளில் ஏறக்குறைய 40 கிலோ விசை விழும். கோல் வளைவதால் அது குறையலாம். ஆனாலும் பிளாஸ்டிக்கில் வெறுமனே முடுக்கிய திருகாணி அதைத் தாங்காது.

உள்ளே கை எட்டும் இடமானால் போல்ட்டும், அகலமான வாஷரும், தளராத நைலான் நட்டும் போடுங்கள். கை எட்டாத இடமானால், முடுக்கும்போது உட்புறம் புடைத்துக்கொள்ளும் ரப்பர் நட்டையோ, பிளாஸ்டிக்கிற்கென்று செய்த, உள்ளே மூன்று இதழாய் விரியும் ரிவெட்டையோ பயன்படுத்துங்கள். உப்புத்தண்ணீரில் போவதானால் 316 வகை எவர்சில்வர் போல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். 304 வகை சீக்கிரம் கறைபிடிக்கும்.

துளையும் அடைப்பும்

அடையாளத்தின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. முதலில் சிறு பிட்டினால் வழி செய்து, பிறகு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்குங்கள். வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வேகம் மிஞ்சினால் பிளாஸ்டிக் உருகி, துளை கோணலாகும். விளிம்பின் பிசிறைக் கத்தியால் நீக்கி, உள்ளே விழுந்த துகள்களைத் துடைத்தெடுங்கள்.

பாலிஎத்திலீனில் பசை எதுவும் எளிதில் ஒட்டாது. ஆகையால் சீலன்ட் தடவிவிட்டால் போதும் என்று நம்பவேண்டாம். அடித்தட்டின் கீழ் ரப்பர் மெத்தை ஒன்றை வெட்டி வைத்து, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் படகுகளுக்கான சீலன்ட்டைத் தடவி, எதிரெதிர் ஆணிகளாகச் சிறிது சிறிதாய் இறுக்குங்கள். இறுக்கத்தில் அழுந்தி நிற்கும் மெத்தையும் சீலன்ட்டுமே தண்ணீரைத் தடுக்கும். அளவுக்குமீறி முடுக்கினால் தளம் நெளிந்து, ஓரத்தில் இடைவெளி உண்டாகும்.

ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள். அதன்பின் ஒருவர் டியூப் பிடித்துத் தாங்கியைச் சுற்றித் தண்ணீர் விட, மற்றொருவர் உள்ளே விளக்கடித்துப் பார்க்கட்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் கழற்றி மறுபடியும் செய்யுங்கள். முதல்முறை இறங்கும்போது கரையோரம் கால்மணி நேரம் சுற்றிவந்து, தக்கையைத் திறந்து பாருங்கள்.

துளையில்லாத வழி

வாடகைக் கயாக்கில் துளை போட நமக்கு உரிமையில்லை. காற்றடைத்த கயாக்கில் போடவே முடியாது. இவர்களுக்கு எளிய வழி ஒன்றுண்டு. காய்கறி வைக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்றில், கோலின் கைப்பிடி தாராளமாய் நுழையும் பிவிசி குழாயை ஓர் அடி நீளத்தில் வெட்டி, கேபிள் டை கொண்டு மேலும் கீழும் இறுக்கிக் கட்டுங்கள். அந்தக் கூடையை இருக்கைக்குப் பின்னால் கயிற்றால் அசையாமல் கட்டிவிடுங்கள். செலவு குறைவு, படகுக்கும் சேதமில்லை. முதன்முதல் கயாக் ஏறுகிறவர்களுக்கு இதையே நான் சிபாரிசு செய்வேன். சில மாதங்கள் இப்படிச் சென்றால் தாங்கி எங்கே வேண்டும் என்பது தானாய் விளங்கும்.

எந்த வழியானாலும் லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைக்காமல் உடலில் அணியுங்கள். தனியாய்ப் போகாதீர்கள். கோலை மெல்லிய கயிற்றால் படகோடு பிணையுங்கள். கயிறு காலில் சிக்கினால் அறுக்க ஒரு சிறு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடற்கரையில் பருவமழைக்காலம். அப்போது கடற்பக்கம் இறங்கவேண்டாம். ஏரிகளிலும் அணைகளிலும் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கலாம், முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகன் அந்தக் கயாக்கை விற்கவில்லை. பிடுங்கிய துளைகளில் ரப்பர் வாஷரோடு போல்ட் போட்டு அடைத்தோம். புதிய தாங்கிகளை இருவருமாக இரண்டு நாள் செலவிட்டுப் பொருத்தினோம். டியூப்பை அவன் பிடித்தான். விளக்கை நான் பிடித்தேன். துளை போடுகிறவன் கரையில் நிற்கிறான், தண்ணீரில் போகிறவன் மற்றொருவன் என்பதை அந்த ஒருநாள் எனக்குக் கற்றுக்கொடுத்தது. உங்கள் மகனுக்கோ தம்பிக்கோ இந்த வேலையைச் செய்து கொடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

நலமாய்ப் போய், நலமாய்த் திரும்பி வாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.