மழைக் கணக்கும் ஆள் குறைப்பும்

எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. சிறுமலையில் மழை கொட்டும். அதே நேரம் சோழவந்தானில் புழுதி பறக்கும். மாவட்டத்துக்கு ஒரே அறிக்கையாக "லேசானது முதல் மிதமான மழை" என்று சொன்னால், கதிர் முற்றிய வயலை வைத்திருப்பவன் அறுப்பதா, நிறுத்துவதா?

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்திய வானிலைத் துறை 2018 முதல் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலை மையங்களைத் தொடங்கியது. நாடு முழுக்க 199 மையங்கள். வானிலைக் கணிப்பை வாங்கி, "இரண்டு நாள் கழித்து மருந்து அடியுங்கள், இன்று உரம் போடாதீர்கள்" என்று வட்டார அளவில், அவரவர் மொழியில், வாரம் இருமுறை சொன்னார்கள். வேலை பார்த்தவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். 2024 மார்ச்சோடு அத்தனையையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன, ஆட்கள் எதற்கு என்பது மேலே சொல்லப்பட்ட வாதம். கருவி மழையை அளக்கும், சரி. இந்த மழைக்கு நெல்லுக்கு என்ன செய்வது, மல்லிகைக்கு என்ன செய்வது என்று அது சொல்லுமா?

அதே 2024 செப்டம்பரில் என்ன நடந்தது? வானிலை, பருவநிலை ஆய்வுக்காகப் புனேயிலும் நொய்டாவிலும் 'அர்கா', 'அருணிகா' என்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் 850 கோடி ரூபாயில் தொடங்கி வைக்கப்பட்டன. 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு இரண்டு வருடத்துக்கு 2000 கோடி. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் வேண்டும். 2025 மே மாதம் வந்த 'பாரத்' கணிப்பு முறை 6 கிலோமீட்டர் கட்டம் வரை துல்லியமாகப் பார்க்கிறது, பெருமைதான். ஆனால் மையத்துக்கு இரண்டு பேர் என்றால்கூட 199 மையங்களுக்கு 400 பேர் தேறமாட்டார்கள். கோடி கோடியாகக் கொட்டி இயந்திரம் வாங்கியவர்களுக்கு இவர்கள் சம்பளம்தான் பாரமா? மோட்டார் வாங்கிப் போட்டுவிட்டு வாய்க்காலைத் தூர்த்த கதை இது.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். 2025 பிப்ரவரியில் அவர்களின் கடல், வளிமண்டல நிறுவனமான 'நோவா'விலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை வெளியே அனுப்பினார்கள். பருவநிலை மாதிரிக்கு அடித்தளம் போட்டு 2021இல் இயற்பியல் நோபல் பெற்ற மனாபே, அதன் பிரின்ஸ்டன் ஆய்வகத்தில் பல காலம் உழைத்தவர். நம் பருவமழைக் கணிப்பு மாதிரியும் அமெரிக்க மாதிரி ஒன்றிலிருந்து வளர்த்தெடுத்ததுதான். அங்கே வெட்டினால் இங்கே வலிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். பழகிய ஆளை ஒரே தாளில் அனுப்பிவிடலாம். இன்னொருவரைப் பழக்கி எடுக்க வருடங்கள் ஆகும். கம்ப்யூட்டரைக் காசு கொடுத்து வாங்கலாம். உள்ளூர் மண்ணும் பயிரும் தெரிந்த ஆளைக் கடையில் வாங்க முடியாது.

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் விளையும் பூமி இது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, சாக்கடையோடு இதையும் கேளுங்கள்: அந்த மையங்களை நிரந்தரப் பணியிடங்களோடு நடத்துவீர்களா, மாட்டீர்களா?