பிழை யாருடையது?

கணிப்பொறியின் உள்ளமைப்பை அறியாத ஒருவர், தாம் இட்ட தொகை ஒன்று, திரையில் தோன்றும் தொகை வேறொன்று என்று முறையிட்டால், “நீங்கள் எங்கோ தவறாக அழுத்தியிருப்பீர்கள்” என்ற மறுமொழியே அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது. ஆராயும் முன்னரே முடிவு கூறும் இவ்வழக்கம் அறிவியல் நெறிக்கு ஒவ்வாதது.

இதன் விளைவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதைப் பிரிட்டனின் அஞ்சல் நிலையங்கள் காட்டின. 1999ஆம் ஆண்டு முதல் அங்கு ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு நிரல் புகுத்தப்பட்டது. சிற்றூர்களில் கடையோடு அஞ்சல் நிலையத்தையும் நடத்திவந்தவர்கள் அதனைக் கையாண்டனர். அவர்கள் கணிப்பொறி வல்லுநர் அல்லர். பெட்டியிலுள்ள பணம் திரையிலுள்ள கணக்கோடு ஒவ்வாதபோது, உதவி நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தனர். இவ்விடர் வேறெவருக்கும் நேரவில்லை என்று தமக்குச் சொல்லப்பட்டதாகப் பலர் பின்னர்ச் சாட்சியம் அளித்தனர். குறைந்த தொகையைத் தம் பொருளைக்கொண்டு ஈடுசெய்தோர் பலர். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்றனர். சிலர் சிறையும் சென்றனர்.

நிரலில் பிழைகள் இருந்தமையை இங்கிலாந்தின் உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரிலேதான் உறுதிசெய்தது. பல நூறு தீர்ப்புகளை நீக்க 2024இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அப்பிழைகளுள் ஒன்று 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் என்னும் ஊரில் வெளிப்பட்டது. 8,000 பவுன் வரவைப் பதிந்தபோது திரை மாறாது நின்றது. பணியாளர் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். வரவு நான்கு முறை பதிவாகி, 24,000 பவுன் குறைவதாகக் கணக்கு காட்டிற்று. அழுத்திய கை பணியாளருடையதே. ஆயினும், ஒரே வரவை நான்காக ஏற்ற குற்றம் நிரலினுடையது.

முறையீடுகளுட் பல, பயன்படுத்துவோரின் கைப்பிழையால் எழுவன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், எது கைப்பிழை, எது நிரற்பிழை என்பது ஆராய்ந்த பின்னரே தெளிவாகும். நிரலை எழுதியவர் அது எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை அறிவார். அது எவ்வாறு இயங்குகிறது என்பதை நாள்தோறும் காண்பவர் பயன்படுத்துவோரே. அவருடைய சொல்லை, ஓர் ஆய்வாளரின் நோக்கீட்டைப் போன்று மதித்தல் வேண்டும்.

வங்கியிலும் இரயில் நிலையத்திலும் நியாயவிலைக் கடையிலும் கணிப்பொறி புகுந்துவிட்ட நம் நாட்டுக்கும் இது பொருந்தும். பயன்படுத்துவோர் தாம் செய்தது யாது, எதிர்பார்த்தது யாது, திரையில் கண்டது யாது என்னும் மூன்றையும் நாளும் நேரமும் குறித்து எழுதிவைத்தல் நன்று. உதவுவோர் எல்லா முறையீடுகளையும் ஓரிடத்தில் தொகுத்து ஒப்புநோக்குதல் கடமை. அவ்வாறு தொகுக்கப்படின், “உங்களுக்கு மட்டுமே இவ்வாறு நேர்ந்தது” என்று எவரிடமும் பொய்யாகச் சொல்ல இயலாது.