கையில்லாக் கைவேலை

கையால் உழைப்பவனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திப் பழகிய சமூகம் நம்முடையது. அதே சமூகம் இன்று "கையாற் செய்தது" என்ற முத்திரை விழுந்த வாழ்த்து மடல் ஒன்றுக்குப் பன்மடங்கு விலை கொடுத்து, அதை வருவோர் கண்ணிற் படும்படி கண்ணாடி அலுமாரியில் வைத்து மகிழ்கிறது. திறந்ததும் உள்ளிருந்து மணவறையும் குத்துவிளக்கும் எழுந்து நிற்கும் மடல் அது. அழுத்தி அச்சடித்த எழுத்துகள் விரலுக்குக் குழியாகத் தட்டுப்படும். ஓரங்களில் உருவம் பிசகாமல் வெட்டியெடுத்த மயில்கள் ஒட்டியிருக்கும். அழகுதான், அழகில்லை என்று வாதிட நான் வரவில்லை. இம்மடலைச் செய்த கைகள் யாருடையவை என்று ஒருவரும் கேட்பதில்லையே, அந்த மௌனத்தோடுதான் எனக்கு வழக்கு.

மடலைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். முதலில் எழுத்து. ஈயம், வெள்ளீயம், அந்திமனி மூன்றும் கலந்து வார்த்த அச்செழுத்து ஒவ்வொன்றும் ஏறக்குறைய 23.3 மில்லிமீற்றர் உயரம். அதில் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தாளிலே பதிவு கெடும். அச்சுக்கோப்பாளர் இடம்வலம் மாறிக் கிடக்கும் எழுத்துகளைப் பார்வையாலன்றி விரலால் வாசிக்கிறார். நம் மாணவன் 247 எழுத்தையும் நெட்டுருப் பண்ணுகிறான். அவற்றின் உடலைத் தொட்டறிந்தவர் இவர். ணகர ஐகாரத்துக்கும் லகர ஐகாரத்துக்கும் இருந்த பழைய கொம்பு வடிவங்கள் எந்த அறையில் கிடக்கின்றன என்பது அவர் கைக்குத் தெரியும். ஈயத்தின் நஞ்சும் அதே கைவழியாகத்தான் உடலுக்குட் சென்றது.

எழுத்தைக் கோத்து இறுக்கியபின் மிதியச்சு. தொழிலாளர் அதனை ட்ரெடில் என்பர். கால் மிதிக்க மிதிக்க இயந்திரம் வாயைத் திறந்து மூடும். திறந்த கணத்தில் ஒரு கை அடித்த தாளை எடுக்கவேண்டும், மறு கை புதுத்தாளை வைக்கவேண்டும். கை பிந்தினால் விரல் போகும். மயிலை வெட்டுவதும் இவ்வியந்திரமே. மை உருளைகளைக் கழற்றிவிட்டு, உருவத்துக்கேற்ப வளைத்த உருக்கு அலகைப் பலகையில் இறுக்கிப் பூட்டுவர். கூரிய அலகு வெட்டும். மழுங்கிய அலகு மடிப்புக் கோடு இடும். வெட்டிய தாள் அலகிடையில் சிக்காமலிருக்க அருகே இறப்பர்த் துண்டுகளை ஒட்டுவர். அவை தாளைப் பிதுக்கித் தள்ளிவிடும். இதனை டை கட்டிங் என்கிறோம். அலகை வளைப்பதிலே ஒரு சிற்பியின் கணக்கு இருக்கிறது. சிற்பியின் பெயர்தான் இல்லை.

மூன்றாவது, மடிப்பு. கணித ஆசிரியர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். மடலின் நடு மடிப்பிலிருந்து இடப்பக்கத்தில் 3 சென்ரிமீற்றர், வலப்பக்கத்தில் 5 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு துண்டுத் தாளின் இரு முனைகளையும் ஒட்டுகிறோம் என்க. இடப்பக்க முனையிலிருந்து 5, வலப்பக்க முனையிலிருந்து 3 சென்ரிமீற்றரில் அத்துண்டின் மடிப்பு வரவேண்டும். அப்போதுதான் எதிர்ப்பக்கங்கள் சமமான இணைகரம் அமையும். மடல் திறக்கும்போது அது எழும், மூடும்போது படியும். கணக்கு ஒரு துளி பிசகினால் தாள் கசங்கும். மடலின் ஒரு பக்க அகலம் 8 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் மூடிய மடலுக்கு வெளியே நாக்கை நீட்டும். கரும்பலகையில் அசையாது கிடக்கும் இணைகரத்தை வருடக்கணக்காக வரைந்து காட்டுகிறோம். கையில் அசையும் இணைகரம் ஒன்றை எத்தனை பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள்?

இத்தனை அறிவும் அடங்கிய தொழிலை "பொழுதுபோக்கு" என்று பெயரிட்டவர் யார்? 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு முதலாவது வணிகக் கிறிஸ்மஸ் மடலை வரைவித்து 1000 பிரதிகள் அச்சிட்டார். ஒன்றின் விலை ஒரு சிலிங். கோலின் பெயரும் ஹோர்ஸ்லியின் பெயரும் வரலாற்றில் நிலைத்தன. ஒவ்வொரு மடலுக்கும் கையால் வண்ணம் தீட்டியவர்களைப் பெரிதும் யாரும் நினைப்பதில்லை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவம் வெட்டிய வண்ணப் படங்கள், தேவதைகளும் ரோசாப்பூக்களுமாக, ஜெர்மானிய அச்சகங்களிலிருந்து கட்டுக்கட்டாக உலகெங்கும் போயின. லண்டன் வெளியீட்டாளரின் பெயர் முன்னே நின்றது. அச்சிட்ட நாட்டின் பெயர் பொடி எழுத்தில் பின்னே ஒதுங்கியது. மியூனிக் நகரத்து மெக்கண்டோர்ஃபரின் அசையும் படப் புத்தகங்களைக் கலைமேதைமை என்று போற்றுகிறோம். மெய்தான். ஆனால் அப்பக்கங்களுக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணிய செப்புக்கம்பி முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பூட்டியவர் மெக்கண்டோர்ஃபர் அல்லர்.

இயந்திரம் எவ்வளவு முன்னேறியும் மடித்து ஒட்டும் கடைசி வேலை மனிதக் கையை விட்டு அகலவில்லை. முதலாளித்துவம் இதற்குக் கண்ட விடை எளியது: கூலி குறைந்த கையைத் தேடிப் போ. 1970களிலிருந்து அமெரிக்கச் சந்தைக்கான எழும்பும் புத்தகங்களைக் கொலம்பியா நாட்டின் காலி நகரில் (நம் தென்னிலங்கைக் காலி அன்று) தொழிலாளர் கையால் ஒட்டினர். இன்று லேசர் கதிரால் வெட்டிய மடல்கள் வியட்நாமிலிருந்து வருகின்றன. "கையாற் செய்தது" என்ற சொல் உறையில் மின்னுகிறது. எந்தக் கை, எத்தனை மணிநேரம், என்ன கூலி என்பன உறையில் இல்லை.

இனி நம் குடாநாட்டைப் பார்ப்போம். அச்சுக்கு இம்மண்ணில் அற்பமான வரலாறு இல்லை. 1820இல் அமெரிக்க மிஷன் ஜேம்ஸ் கரெற் என்ற அச்சுத்தொழிலாளரை இங்கு அனுப்பியபோது தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் அவரைத் தீவில் தங்கவிடவில்லை. பாதிரிமார் ஏற்கெனவே இருந்தனர்; அச்சுக்காரனை மட்டும் பேரரசு தாங்கவில்லை! 14 ஆண்டு கழித்து, 1834இலேதான் மானிப்பாயில் அம்மிஷனின் அச்சுக்கூடம் அமைந்தது. 1841இல் உதயதாரகை பிறந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். சாதி பற்றிய நாவலரின் கொள்கையோடு நமக்கு உடன்பாடில்லை. அச்சின் வலிமையை அவர் உணர்ந்த விரைவை மறுக்கவும் இயலாது. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை பல்லாண்டுகள் ஈய எழுத்துக் கோத்தே யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. முடிதிருத்தும் தொழிலாளியாயிருந்த ஒருவர் சிற்றிதழ் நடத்தினார் என்று மேடைதோறும் வியக்கிறோம். அவ்விதழின் எழுத்தைக் கோத்த கையை எந்த மேடையில் நினைத்தோம்?

1981 ஜூன் 1இல் ஈழநாடு பணிமனை எரிந்தது. நூலகம் எரிந்ததும் அதே இரவுகளில். 1990இல் மின்சாரம் அற்றுத் தாள் அரும்பொருளான ஆண்டுகளில், செய்தித்தாள் கோடிட்ட கொப்பித் தாளிலும் வந்தது. மிதியச்சுக்கு மின்சாரம் வேண்டியதில்லை, கால் போதும். இத்தனைக்கும் ஈடுகொடுத்த இயந்திரம் சமாதான காலத்தில்தான் பழைய இரும்பாயிற்று. அந்தியேட்டிக் கல்வெட்டும் திருமண அழைப்பும் அடித்த எழுத்துகள் நிறை போட்டு விற்கப்பட்டன. ஓஃப்செற்றும் கணினியும் வந்ததை நான் பழிக்கவில்லை. மலிவான நூல் மக்களுக்கு வேண்டும் என்பவன் அவற்றை வரவேற்றே ஆகவேண்டும். ஆனால் தொழிலாளி வீட்டுக்கு அனுப்பப்பட்டபின், அவர் தொழிலின் சாயலை மட்டும் ஆடம்பரமாக்கி, கடல் கடந்து வரும் பணத்துக்கு விற்பதை எப்படி வரவேற்பது?

இதிலே பள்ளிக்கூடத்துக்கும் பங்குண்டு. ஒக்டோபர் 6, ஆசிரியர் தினம். அன்று பிள்ளைகள் கொண்டுவரும் மடல்களிலே கடையில் வாங்கியதே பெருமைக்குரியது; பிறிஸ்டல் அட்டையில் கோணலாக வெட்டிக் கொண்டுவந்த பிள்ளை அதை முதுகுக்குப் பின்னே மறைக்கிறது. அந்த வெட்கத்தைக் கற்பித்தவர்கள் நாமே. கைவேலை படிப்பில் மந்தமானவனுக்கு என்று பிரித்தோம். செயன்முறைப் பாடவேளையைப் பரீட்சைப் பாடத்துக்குக் கடன் வாங்கினோம், திருப்பிக் கொடுத்ததேயில்லை. "பெறுபேற்றுக்கு உதவாது" என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே கிடக்கும் காரணம் வேறு: கைத்தொழில் என்றால் குலத்தொழில், குலத்தொழில் என்றால் தாழ்வு. வெள்ளைச் சட்டையில் மை படாதிருப்பதே கல்வியின் பயன் என்று நம்பும் மனம், சாதியின் மனமே. பெற்றோரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஆசிரியர் ஓய்வறையிலும் இம்மனம் தேநீர் குடிக்கிறது.

நம் பிள்ளைகளுக்குக் கடதாசியின் கணக்கு வராது என்பார் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போகட்டும். மூங்கிலும் நூலும் மெல்லிய வண்ணத் தாளும் கொண்டு அங்கே கட்டும் பட்டங்களுட் சில வானிலே விரிந்து உருவம் மாறுகின்றன. காற்றின் விசையையும் தாளின் மடிப்பையும் ஒருங்கே அறிந்தவர்களின் வேலை அது. எந்தப் பரீட்சையும் அவர்களுக்குப் புள்ளி இடவில்லை.

ஆகவே கோரிக்கையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடாநாட்டில் இன்னும் உருகாது கிடக்கும் மிதியச்சு இயந்திரங்களைக் கல்வி வலயத்துக்கு ஒன்றாயினும் பாடசாலையில் நிறுவவேண்டும். காட்சிப் பொருளாக மாலையிட்டு அன்று. விரலுக்குக் காப்பு அமைத்து, மையூற்றி, ஓடவைக்கவேண்டும். எஞ்சியிருக்கும் அச்சுக்கோப்பாளர்களை ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுத்து அழைக்கவேண்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடும் வித்தை வேண்டாம். ஈயத்தைப் பிள்ளைகள் கையிற் கொடுக்க அஞ்சுவோர், அவ்வச்சம் நியாயமானது, மரத்திலும் லினோலியத்திலும் எழுத்தைச் செதுக்கிக் கொடுக்கலாம். இவற்றுக்குப் பணம் இல்லை என்ற பதில் வரும். பரிசளிப்பு விழா அலங்கார வளைவுக்கு எங்கிருந்து வந்ததோ, அங்கேயே கேட்போம்.

அதுவரை, இத்தகைய மடலை வாங்குவோர் கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்கலாம். மடலின் பின்புறம் வெறுமையாகவே கிடக்கிறது. அச்சுக்கோத்தவர், அலகு வளைத்தவர், மடித்து ஒட்டியவர் என்று மூன்று வரி, 8 புள்ளி எழுத்தில், தாராளமாகக் கொள்ளும்.