ஒரே பந்தி போதுமா?

ரோமப் பேரரசில் மித்ரா கடவுளை வணங்கியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், தோழர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "அடிமையும் அதிகாரியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாமே?" ஆம், சாப்பிட்டார்கள். அதற்காக அதைச் சமத்துவ மதம் என்று கொண்டாடிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

மித்ரா கோயில்கள் குகை போன்ற சிறிய, இருண்ட அறைகள். இரு பக்கமும் நீண்ட திண்ணைகள். அவற்றில் சாய்ந்து அமர்ந்து உண்பார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பிரபுக்கள் அல்லர். படைவீரர்கள், சுங்க ஊழியர்கள், விடுதலை பெற்ற அடிமைகள், அடிமைகள். அவர்கள் எழுதிய நூல் எதுவும் நம் கைக்கு வரவில்லை, கல்வெட்டுகள்தான் சாட்சி. இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள பெட்டோவியோவில் மித்ராவுக்குக் காணிக்கை அளித்துப் பெயர் பொறித்தவர்கள் சுங்கத்துறை அடிமைகள். ஆஸ்திரியாவின் விரூனத்தில் கிடைத்த வெண்கலப் பட்டயத்தில், இடிந்த கோயிலைத் தம் சொந்தச் செலவில் எடுத்துக் கட்டிய 34 பேரின் பெயர்கள் உள்ளன. தங்களில் சிலர் இறந்ததை முன்னிட்டு 184 சூன் 26 அன்று கூடியதையும் பதிவு செய்திருக்கிறார்கள். சாவில் ஒருவருக்கொருவர் துணை நின்ற எளிய மனிதர்கள். அந்தத் தோழமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அண்ணல் அம்பேத்கர் அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதியதை நினைத்துப் பாருங்கள். ரோம அடிமை சட்டப்படி இன்னொருவரின் உடைமை. ஆனால் தீண்டப்படாதவன் அல்லன். எசமானின் பிள்ளைக்குப் பாடம் சொன்னான், கணக்கு எழுதினான். சாதிச் சமூகத்தில் சேர்ந்து உண்பதே ஒரு போராட்டம் என்பதால், பந்தியைப் பார்த்ததும் நாம் நெகிழ்ந்துவிடுகிறோம். ரோமில் விலங்கு பூட்டப்பட்டிருந்தது பந்தியில் அல்ல, உடைமைச் சட்டத்தில். விருந்து முடிந்து வெளியே வந்த அடிமையை மறுநாள் விற்கலாம்.

குகைக்குள்ளும் 'காகம்' தொடங்கித் 'தந்தை' வரை ஏழு படிநிலைகள். பெண்களுக்கு இடமே இல்லை. அடிமை முறை ஒழிக என்று ஒரு மித்ரா கல்வெட்டும் சொல்லவில்லை. 308-இல் கார்னுண்டத்தில் கூடிய பேரரசர்கள் மித்ரா கோயிலைப் புதுப்பித்து, அவரைத் தங்கள் ஆட்சியின் காவலர் என்றே பொறித்தார்கள். பேரரசர்கள் அஞ்சத் தேவையில்லாத சமத்துவம் அது!

எனவே தோழர்களே, எந்த மதத்தையும் அமைப்பையும் எடைபோடும்போது உள்ளே யார் யாரோடு சாப்பிட்டார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். வெளியே வந்ததும் யார் யாருக்கு உடைமை என்றும் கேளுங்கள்.